அப்துல் ஹாதியின் ரெக்சினும் உமைராவின் புகைக்குழாயும்

உமைராவின் ஜன்னலுக்கும் எதிர்வீட்டுச் சொர்ணம்மாளின் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இடைவெளி. தாராவியில் அந்தக் கல்லி, அந்தக் குறுகலான சந்து, அப்படித்தான். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். கீழே இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று மற்றவருக்கு வழிவிட வேண்டும். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா அகலத்துக்குத் தெரியும். அதையும் பாதி கரண்ட் ஒயர்கள் மறைத்திருக்கும்.

அந்த ஜன்னல் ஓரத்தில்தான் உமைரா தன் லேசர் மெஷினை வைத்திருந்தாள்.

மேலப்பாளையத்தில் ஐந்தாம் வகுப்போடு அவளுடைய படிப்பு நின்றது. நிக்காஹ் முடிந்து பம்பாய்க்கு வந்ததிலிருந்து அவள் கை சும்மா இருந்ததில்லை. பர்ஸுக்கு உள்துணி தைத்தாள். பெல்ட்டுக்கு ஓட்டை போட்டாள். கல்யாணப் பைகளுக்கு மணி கோத்தாள். எல்லாமே யாரோ கொடுத்து, யாரோ எடுத்துப்போகிற வேலை. புருஷன் ஷாகுல் ஹமீது பை தைக்கும் பட்டறையில் வேலை செய்தார். சாதுவான மனுஷர். அணுசக்தி நகரிலிருந்து ஜம்பு என்று ஒருவர் எப்போதாவது அவரிடம் பை தைக்கக் கொடுக்க வருவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பும்போது, பொழுதுபோக்குக்காக வாங்கி வைத்திருந்த அந்த மெஷினை, "என் வீட்ல தூசி தின்னுட்டு கெடக்குது, உங்க வீட்டம்மாவுக்காவது ஆகும்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

தையல் மெஷின் மேசை அளவில் ஒரு பெட்டி. மூடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் ஓடும். அது பிளைவுட்டையும் அக்ரிலிக்கையும் கோலம் இழுக்கிற மாதிரி வெட்டும். வாசல் பலகைகள், கல்யாண வீட்டுப் பெயர் எழுத்துகள், பெருநாள் பரிசுப் பெட்டிகள் என்று உமைரா வெட்ட ஆரம்பித்தாள். முதல் தடவையாக ஒரு வேலை அவள் பேரில் நடந்தது. மாட்டுங்காவிலிருந்துகூட ஆள் வந்து, "உமைரா எங்க இருக்காங்க?" என்று கல்லி முனையில் விசாரித்தார்கள்.

கொடுக்கும்போது ஜம்பு முக்கியமாக இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஓடுகிற மெஷினைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது, உள்ளே எப்போது வேண்டுமானாலும் தீப்பற்றலாம். பிளாஸ்டிக் பூசிய ரெக்சினை எந்தக் காரணத்துக்கும் உள்ளே வைக்கக்கூடாது, அந்தப் புகை நெஞ்சையும் அரிக்கும், மெஷினின் இரும்பையும் அரிக்கும். உமைரா இரண்டையும் நம்பி ஒப்படைத்த அமானிதமாக எடுத்துக்கொண்டாள். பாங்கு சொன்னால் முதலில் மெஷினை நிறுத்துவாள், பிறகுதான் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கப் போவாள். வெட்டி முடிந்ததும் மூடியைத் திறக்கமாட்டாள். புகையை இழுக்கிற ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, தஸ்பீஹ் மணி ஒரு சுற்று உருட்டி முடித்து, உள்ளே தங்கிய புகையெல்லாம் போன பிறகுதான் திறப்பாள்.

ஆனால் அந்தப் புகை எங்கே போகிறது என்பதில் அவள் முதலில் ஏமாந்துதான் போனாள்.

மெஷினோடு வந்த பைப்பை எல்லோரையும் போல ஜன்னல் வழியாக வெளியே நீட்டிவிட்டாள். அது நேராகச் சொர்ணம்மாளின் ஜன்னலைப் பார்த்தது. அந்த ஜன்னலுக்குள் கட்டிலில் படுத்திருப்பவர் சொர்ணம்மாளின் புருஷன் பூதத்தான். தோல் பதனிடும் பட்டறையில் காலமெல்லாம் வேலை செய்து, நெஞ்சு முழுக்க இழுப்பை வாங்கிக்கொண்டு வந்தவர்.

"ஏட்டி உமைரா" என்று சொர்ணம்மாள் ஜன்னலில் தட்டினாள். "எங்க வீட்டு மனுசன் ஏற்கெனவே பாதி மூச்சுலதான் ஓடுதாரு. அந்த மிச்சத்தையும் நீ புடுங்கணுமா?"

உமைராவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே பைப்பை உள்ளே இழுத்தாள். எதிர்வீட்டுக்குப் போகக்கூடாது என்று ஜன்னலை மூடினாள், கதவையும் சாத்தினாள். பின்பக்கத்துச் சந்துச் சுவரில் ஓட்டை போட்டு, பைப்பை அந்தப் பக்கம் திருப்பினாள். அப்படியும் அறைக்குள் வாடை நின்றது. வாடை போவதற்குச் சாம்பிராணி போட்டாள். சாம்பிராணி மணத்தில் மற்ற வாடை தெரியவில்லை. வாடை தெரியாததால் புகையும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். தலைவலி மட்டும் தினமும் வந்தது. கண் எரிந்தது. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணிக் கரண்டியை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஃபேன் சத்தமாகத்தான் ஓடியது. புகை பைப்பின் பக்கம் போகவே இல்லை. மேலே எழுந்து, மேல்தளத்துப் பலகையின் கீழே பாய் விரித்த மாதிரி அப்படியே படுத்துக் கிடந்தது. அந்த நேரம் ஜும்ஆ முடிந்து வந்த ஷாகுல் ஹமீது கதவைத் தள்ளித் திறந்தார். புகை ஒரு குலுக்கு குலுங்கியது. பிறகு யாரோ நூலைப் பிடித்து இழுப்பதுபோல வளைந்து நேராக மெஷின் வாய்க்குள் போனது.

"கதவ மூடுங்க" என்றாள் உமைரா.

அவர் மூடினார். புகை நின்றது.

"தொறங்க."

திறந்தார். புகை ஓடியது.

"என்ன இது, என்ன வச்சு வெளையாடுத?" என்றார் ஷாகுல் ஹமீது.

"உள்ள காத்து வந்தாத்தாங்க வெளிய போவும். எல்லாத்தையும் அடச்சுப் போட்டு அந்த ஃபேன் எதத்தான் இழுக்கும்? அடுத்தவங்க மூக்குக்குள்ள போவக் கூடாதுன்னு அடச்சு, நம்ம மூக்குக்குள்ளதான் நெறச்சிருக்கோம்."

சாம்பிராணி மணத்தால் தன் கண்ணையே கட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு அன்றுதான் விளங்கியது. அன்றைக்கே அவளுக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. புகை கூரைக்கு மேலே போக வேண்டும். யார் மூக்குக்கும் எட்டாத உயரத்தில் போக வேண்டும். மெஷினை ஓட்டுவதாக இருந்தால் அப்படித்தான் ஓட்டுவது.

அவளுடைய கோலிக்கு, அந்த ஒற்றை அறைக்கு, மேல்தளம் அப்துல் ஹாதி சரக்கு வைக்கும் இடம், அதற்கு மேல் பத்ரா எனும் தகரக் கூரை. ரெக்சின் பர்ஸும் பையும் மொத்தமாக அனுப்புகிறவர், கல்லியில் கொஞ்சம் கை ஓங்கியவர். உமைரா அவரை அண்ணன் முறையில் காக்கா என்பாள். கேட்டதும், "அதுக்கென்ன தங்கச்சி, நம்ம பத்ராதான, ஓட்ட போட்டுக்கோ" என்றார். அவருடைய கோலி வழியாகப் பைப் ஏறியது. ஃபேனைக் கழற்றி மேல் நுனியில் மாட்டினாள். கீழே இருந்தால் அது பைப்பில் உள்ள ஓட்டை உடைசல் வழியாகவெல்லாம் புகையை வீட்டுக்குள் தள்ளும். மேலே இருந்தால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கதவு திறந்தே இருந்தது, திரை மட்டும் தொங்கியது. தலைவலி நின்றது. பூதத்தான் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தார்.

பிறகுதான் அப்துல் ஹாதி தோளில் ஒரு ரெக்சின் சுருளோடு ஏணி ஏறி வந்தார்.

"பாஸ்போர்ட் கவர். பெரிய ஆர்டர். கையில வெட்டுனா பிசிறு அடிக்குது. உன் மெஷின்ல வச்சா கத்தி மாதிரி வரும்."

உமைரா சுருளைத் தொட்டுப் பார்த்தாள். "இது ஆவாது காக்கா."

"தோலு மாதிரிதான இருக்கு."

"மாதிரிதான்."

அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியை இடுக்கியில் பிடித்து, சிவக்கக் காய்ச்சினாள். ரெக்சின் ஓரத்தில் அதை ஒரு தொடு தொட்டு, மறுபடி தீயில் காட்டினாள். நீலமாக எரிந்த தீ குப்பென்று பச்சையாக மாறியது.

"மாஷா அல்லா, நம்ம கலரு" என்றார் அப்துல் ஹாதி.

"இந்தப் பச்சை வந்தா மெஷினுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு ஜம்பு சார் சொல்லிருக்காரு. இதோட புகை ஈரத்துல பட்டா ஆசிட்டாயிரும். நெஞ்சுக்குள்ளயும் ஈரந்தான இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா இதுலதான் கெடக்கேன். நீ என்ன மோந்து பாக்கவா போற? பைப்புல போவுது, மேல போவுது, அல்லாட காத்து எவ்வளவு பெருசு."

"அல்லாட காத்துன்னு நீங்களே சொல்லுதீங்க. அதுக்குள்ள நான் இத ஊத்தமாட்டேன்."

அப்துல் ஹாதி சிரிப்பதை நிறுத்தினார். "அந்தப் பைப் என் கோலி வழியாத்தான் போவுது, ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இருக்கு."

"அப்ப வெட்டு. இல்ல, பைப்பக் கழட்டு."

"கழட்டுதேன்" என்றாள் உமைரா.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பைப்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு உமைரா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். ஃபேனைக் கழற்றினாள், பைப்பைத் துண்டு துண்டாக இறக்கினாள், பத்ராவில் போட்ட ஓட்டையைத் தார்ச்சாக்கு வைத்து அடைத்துக் கொடுத்தாள். கடன் வைக்காமல் இறங்கினாள்.

ஷாகுல் ஹமீது வேலை முடிந்து வந்து, நடுவீட்டில் கிடந்த பைப்பைப் பார்த்தார்.

"அவருகூட மோதணுமா உமைரா? ஒரே ஒரு ஆர்டரு."

"ஒண்ணு வெட்டுனா அப்புறம் எல்லாம் அதுதான் வரும்."

"பெருநாளு வேலை நிக்குது. ஜன்னல் வழியா விட்டு முடிச்சுரு. கொஞ்ச நாளு. பூதத்தான் அண்ணாச்சிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"என்னன்னு சொல்லுவீங்க? கொஞ்ச நாளு மூச்சு விடாதீங்கன்னா?"

அவர் பைப்பைத் தாண்டிக் கை கழுவப் போனார். உமைரா மெஷின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். கேட்டு வந்தவர்களிடம், "பைப் இல்ல, அதனால வேலை இல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். சிலர் வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

அப்துல் ஹாதிக்கு அதுவும் போதவில்லை. தெருமுனைக் கடைக்காரர்களிடமும் குழாயடியிலும் பேச ஆரம்பித்தார். லேசர் என்றால் கதிராம், வெடிக்குமாம், குடும்பங்கள் இருக்கிற கல்லியில் அதற்கு இடமில்லையாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு சொர்ணம்மாள் வாசலில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிவிட்டார்.

"பூதத்தான் அண்ணன நெனச்சுப் பாருங்க" என்றார். "அவரு நெஞ்சுக்கு இது தாங்குமா? மெஷின் கல்லிய விட்டுப் போவணும். அவ்வளவுதான் நான் சொல்லுதேன்."

உமைரா திரையை விலக்கிக்கொண்டு ஏணியில் இறங்கி வந்தாள். ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் அவள் பேசி யாரும் பார்த்ததில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"மெஷின் ஆபத்துதான். நான் இல்லன்னு சொல்லல. அதனாலதான் பைப் இல்லாம தொடமாட்டேன்னு மூடி வச்சிருக்கேன். ஆனா காக்கா, அண்ணாச்சி நெஞ்சப் பத்தி இன்னைக்குப் பேசுதீங்க. போன வாரம் ரெக்சினத் தூக்கிட்டு வந்து வெட்டச் சொன்னப்ப இந்த நெஞ்சு எங்க இருந்துச்சு?"

யாரோ ஒருவர் 'ஹ' என்றார்.

"தந்தா, யாவாரப் பேச்சு வேற, கல்லிப் பேச்சு வேற" என்றார் அப்துல் ஹாதி.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். மெஷின் எங்கயும் போவாது. என் பேரச் சொல்லி ஆளு வர்ற ஒரே வேலை எனக்கு இதுதான். அத நீங்க சொல்லி நான் தூக்கமாட்டேன்." பிறகு சொர்ணம்மாளின் பக்கம் திரும்பினாள். "யக்கா, உங்க பத்ரா மேல பைப் கட்ட எடம் கொடுங்க."

சொர்ணம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "நல்லா இருக்கே கதை. உன் புகைய என் தலைக்கு மேல ஏத்தச் சொல்லுத?"

"தலைக்கு மேல போனாத்தான் மூக்குக்குள்ள போவாது யக்கா. ஜன்னல்ல நீங்க அன்னைக்குக் கேட்ட கேள்வி நியாயந்தான். அதுக்குத்தான் இது பதில்."

மேலே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பூதத்தான் எட்டிப் பார்த்தார். "ஏ, என் நெஞ்ச வச்சு ஆளாளுக்கு ஏலம் போடுதீயளே, என்னய ஒருத்தரும் கேக்கலியே. பைப்பக் கட்டட்டும். நான் இங்கன படுத்திருக்கேன். நான் இருமுனா மெஷின் போவட்டும். இருமலன்னா ஹாதி பாய் போவட்டும்."

"நீரு சும்மாவே இருமுவீரு" என்றாள் சொர்ணம்மாள். கூட்டம் சிரித்தது.

உமைரா சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, உங்கள வச்சுச் சோதிச்சுப் பாக்க மாட்டேன். நீங்க முதல்ல டீக்கடையில போயி உக்காருங்க. நீங்க படுக்குற எடத்துல அக்கா உக்காரட்டும். வாடை வந்தா நிறுத்துன்னு சொன்னா போதும். சரி பண்ண முடியலன்னா மெஷின நானே கல்லிய விட்டுத் தூக்கிருவேன். இத எல்லாருக்கும் முன்னாடி சொல்லுதேன்."

ஷாகுல் ஹமீது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார்.

"எங்க போறீங்க?"

"பைப் தானா ஏறிருமா? சொன்னாக் கேக்கவா போற."

பைப் இந்தமுறை வளையாமல் கல்லியைக் குறுக்காகத் தாண்டி, சொர்ணம்மாளின் கூரைக்கு ஏறியது. டிஷ் ஆன்டெனா நிற்கும் இரும்புக் கம்பத்தில் ஷாகுல் ஹமீது அதைக் கம்பி போட்டு இறுக்கினார், நுனியில் ஃபேனை மாட்டினார். பூதத்தானை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். சொர்ணம்மாள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கீழே யாரும் கலையவில்லை.

உமைரா கதவைத் திறந்து வைத்து, பிஸ்மி சொல்லி, ஒரு பிளைவுட் பலகையை வெட்ட ஆரம்பித்தாள். மெஷின் ர்ர் என்று இழுத்தது.

"நிறுத்து" என்றாள் சொர்ணம்மாள்.

உமைரா அந்த நொடியே நிறுத்தினாள்.

"கருகுன வாடை வருது. பொய் சொல்ல மாட்டேன்."

அப்துல் ஹாதி கைகளைக் கட்டிக்கொண்டார். "நான் சொன்னேன்லா."

உமைரா எழுந்து வெளியே வந்தாள். எல்லார் முன்னாலும் சொன்ன சொல். பைப்பை அடியிலிருந்து நுனிவரை கண்ணால் தடவிப் பார்த்தாள். எங்கும் பிரிந்திருக்கவில்லை. பிறகு எதிர்வீட்டு ஏணியில் ஏறி, கூரை ஓரத்தில் நின்று மேலே பார்த்தாள். பைப்பின் வாய் கூரையின் உச்சிக்குக் கீழேயே நின்றது. கடற்கரைப் பக்கமிருந்து வந்த காற்று உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியது. காற்று இறங்குகிற இடத்தில் வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். புகையும் காற்றோடு பத்ராவில் உருண்டு ஜன்னலுக்கு வந்திருக்கிறது.

"என்னங்க, இன்னொரு துண்டு பைப் கெடக்குல்லா? ஆன்டெனாவுக்கு மேல போவணும். உச்சிக்கு மேல வாயி இருக்கணும்."

"அதுக்கு மேல ஆகாசந்தான் இருக்கு."

"அங்கதான் போவணும்."

மறுபடி கட்டினார்கள். மறுபடி உமைரா மெஷின் முன் உட்கார்ந்தாள். பலகையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. சொர்ணம்மாள் மூக்கை விடைத்து இப்படியும் அப்படியும் மோந்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மோந்தாள். பலகை முடிந்தது. உமைரா தஸ்பீஹை உருட்ட ஆரம்பித்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் சொர்ணம்மாள். "கீழ எவன் வீட்லயோ கருவாடு பொரிக்கான். அந்த வாடைதான் வருது."

பூதத்தானை மேலே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். உமைரா அடுத்த பலகையைப் போட்டாள். அது பாதி போகையில் பூதத்தான் அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் இருமினார். உமைராவின் கை பட்டென்று நிறுத்துகிற பொத்தானுக்குப் போனது. கல்லியே அண்ணாந்து பார்த்தது.

"நீ ஓட்டும்மா" என்றார் பூதத்தான் மூச்சு வாங்கிக்கொண்டு. "இது பீடி இருமலு. டீக்கடையில ஒண்ணு வாங்கி இழுத்தேன்."

அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் சொர்ணம்மாளின் வாய்தான். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அப்துல் ஹாதி எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

பெருநாள் வேலை எல்லாம் முடியவில்லை. போனவர்கள் சிலர் திரும்பவில்லை. உமைரா அதற்காகக் கவலைப்பட்டாள், ஆனால் எடுத்த முடிவுக்கு வருந்தவில்லை. காற்று பலமாக அடிக்கிற நாளில் வெட்ட ஆரம்பித்ததும் நிறுத்தி, சொர்ணம்மாளிடம், "வாடை வருதா யக்கா?" என்று கேட்டுக்கொள்வாள். வந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

பெருநாள் முடிந்த பிறகு அப்துல் ஹாதி ஒருநாள் கல்லியில் நின்று கூப்பிட்டார். ஏறி வரவில்லை. உமைரா மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"தங்கச்சி, மழை வந்தா அந்தப் பைப் நிக்காது. அறுத்துக்கிட்டுப் போயிரும்."

"போனா திரும்பக் கட்டுவோம் காக்கா."

"எதுக்கு கஷ்டம்? என் கோலி வழியாவே விட்டுக்கோ. நான் ஒண்ணும் மனசுல வைக்கல. ரெக்சின்கூட நெறையா இல்ல. கொஞ்சம்போல."

"கொஞ்சம்போலவும் இல்ல."

"வேற எடத்துல வெட்டத்தான் போறாங்க. நீ ஒருத்தி வெட்டலன்னா ஊரு திருந்திருமா?"

"ஊரு திருந்தட்டும், திருந்தாமப் போவட்டும். அது அவங்க மூச்சு, அவங்க கணக்கு. இந்த மெஷின்ல நான்தான் கை வைக்கேன். நாளைக்கு அல்லாட்ட நான்தான் பதில் சொல்லணும். உங்களுக்கு பிளைவுட்ல, அட்டையில என்ன வேணும்னாலும் கொண்டாங்க, உக்காந்து வெட்டித் தாரேன். ரெக்சின் மட்டும் வேண்டாம். இன்னொரு தடவ அதக் கேட்டு வராதீங்க காக்கா, நானும் இன்னொரு தடவ முகத்த முறிச்சு இல்லன்னு சொல்ல வேண்டாம்."

எதிர் ஜன்னலில் பூதத்தான் புரண்டு படுத்தார். "ஹாதி பாய், பதில் கெடச்சிருச்சுல்லா. வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க."

அப்துல் ஹாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதிரே தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். அவர் சுவரோடு ஒட்டி நின்று அவளுக்கு வழிவிட்டு, பிறகு நடந்தார். உமைரா அவர் கல்லி முனையில் திரும்பும்வரை நின்று பார்க்கவில்லை. உள்ளே போய், பாதியில் நின்ற பலகையை நேராக வைத்து, மெஷினை ஓட்டினாள்.